பூவரச இலையில் சூரை

அத்தி இலைக்குத் தூத்துக்குடியில் எங்கே போவது? வாரம் முழுக்கக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஆதாமும் ஏவாளும் மானத்தை மறைக்கக் கட்டிக்கொண்ட இலையாயிற்றே, கோவில் தோட்டத்திலாவது ஒரு செடி நிற்க வேண்டாமா, இல்லை, பங்குச் சாமியார் குரோட்டன்ஸ்தான் வளர்க்கிறார். கடைசியில் மகள் ரெனிட்டாதான் பீச் ரோட்டுப் பூவரச மரத்தில் எட்டிப் பிடித்து, அகலமான இலைகளாகப் பார்த்து ஒரு துப்பட்டா நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். அவை இப்போது அடுப்பு மேடையில் கழுவித் துடைத்துக் கிடந்தன. பக்கத்தில் கல்லுப்பு, கிண்ணத்தில் எண்ணெய். எல்லாவற்றுக்கும் நடுவே எவர்சில்வர் தாம்பாளத்தில், ஈரத்துணி போர்த்திய மீன். எமல்டா மற்றதையெல்லாம் பார்த்தாள், மீனை மட்டும் பார்க்கவில்லை. இலையின் நரம்பைத் தடவித் தடவித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பூசையிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. இந்த அடுப்படிக்குள் மீன் வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. கடலைப் பார்த்து வாசல் வைத்த தெருவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பார் வைக்கிற ஒரே பொம்பளை அவள்தான். ‘சாம்பார் டீச்சர்’ என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேர் ஓடுகிறது. அவள் காதுக்கு எட்டாமல்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எட்டிவிட்டது. சொல்லிவிட்டுப் போகட்டும். யாராவது கேட்டால், மீன் ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடிக்கிறது என்பாள். அது பொய்யென்று கேட்டவர்களுக்கும் தெரியும். அவள் புருஷன் கஸ்பார் போன படகு காற்றில் கவிழ்ந்தது. கூடப் போன அவன் அண்ணன் தொம்மையை மறுநாள் வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டது. கஸ்பார் வரவில்லை, கஸ்பாரின் உடலும் வரவில்லை. தேடப் போனவர்கள் போகும்போதெல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்கப்புறம் ஒருநாள், யாரோ கொடுத்தனுப்பிய மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது அந்த நினைப்பு வந்தது. இந்த மீன் எதைத் தின்று வளர்ந்ததோ. அவ்வளவுதான். உருண்டை கையிலேயே நின்றுவிட்டது.

ஆனால் வாய் சொல்வது வேறு. வருவாவ. ரெனிட்டாவிடம், துக்கம் கேட்க வந்து எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நின்றவர்களிடம், தெருமுனைக் கெபியில் நிற்கிற மாதாவிடம்கூட, அவள் சொன்னது அந்த ஒரே சொல்தான். முதலில் சொன்னது பிள்ளையின் அழுகையை நிறுத்த. அழுகை நின்றுவிட்டது, சொல் நிற்கவில்லை. இலங்கைக் கரையில் ஒதுங்கியிருப்பாவ, எவனாவது பிடித்து வைத்திருப்பான், அடிபட்டு ஞாபகம் தப்பியிருக்கும், வருவாவ. ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது, நடமாடும்போது இடித்துக்கொள்வதுகூட இல்லை. பொய்யா? பொய் என்று எமல்டா ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை. உண்மை என்றும் நினைத்துக்கொண்டதில்லை. அந்த இடத்தில் அவள் நிற்பதே கிடையாது, வேறு வேலை இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, திருத்த வேண்டிய பேப்பர் இருக்கிறது. இப்போதுகூட அடுப்பைத் துடைக்க வேண்டும். துடைத்த அடுப்பை இன்னொரு தரம் துடைத்தாள்.

இந்த வம்பை இழுத்து வைத்தது பள்ளிக்கூடம். பழங்கால நாகரிகங்களின் உணவுத் திருவிழா என்று தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை உதித்து, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எகிப்து வந்த டீச்சர் ரொட்டியும் வெங்காயமும் என்று தப்பித்துக்கொண்டாள். சமூக அறிவியல் டீச்சரான எமல்டாவின் வகுப்புக்குக் கிரேக்கம். பார்லிக் கஞ்சி, தேன், உலர்ந்த அத்திப்பழம் என்று அவளும் தப்பித்திருப்பாள், அந்த வகுப்பிலேயே அவள் பெற்றது உட்கார்ந்திருக்காவிட்டால். ரெனிட்டா செல்போனில் தோண்டித் துருவி, ஏதோ ஒரு பழைய கிரேக்கன் மீன் சமைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிற முறையைக் கண்டுபிடித்துவிட்டாள். கறாரான ஆள் போலிருக்கிறது. நல்ல மீனுக்கு மசாலா எதற்கு, பாலாடைக்கட்டி எதற்கு, அத்தி இலையில் சுற்று, கட்டு, சூடான சாம்பலுக்குள் தள்ளு, கருகாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான் என்கிறான். என்ன மீனாம் என்று பார்த்தால், நம்ம சூரை மாதிரிதான். “இது நம்ம மீன்குழம்பு இல்லம்மா,” என்றாள் ரெனிட்டா, ரொம்ப நிதானமாக, வக்கீல் பேசுகிற மாதிரி. “புளி கெடையாது, மொளவா கெடையாது, தேங்கா கெடையாது. நம்ம வாசமே வராது. இது வேற.” வேறதான். ஆலிவ் எண்ணெய் என்றதும் எமல்டாவின் கால் தானாக மெடிக்கலுக்குத்தான் போயிற்று, ரெனிட்டா பிறந்தபோது உடம்பு தேய்க்க வாங்கினாளே அதே குட்டிப் புட்டி. வீட்டுக்கு வந்து படித்தால், மேல்பூச்சுக்கு மட்டும். “கிரேக்கன் குளிச்சிட்டு அதுலயே பொரிப்பானாம்மா?” என்று பிள்ளை சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. அந்தச் சிரிப்புக்காகத்தான் தலையாட்டியது. சரி, நல்லெண்ணெய் போதும், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்ப்போம் என்று சொன்னது. சிரிப்புக்காக மட்டுமில்லை, எலுமிச்சை வாசனைக்காகவும். அதை நினைக்கக்கூடாது. நினைத்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பிரகாசி அக்காவிடம் எம்பிராய்டரி படிக்கப் போகிறேன் என்று போய்விட்டு வரும் பிள்ளையின் கையில் எப்போதும் எலுமிச்சைத் தோலின் வாசனை. நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவியிருப்பாள். ஒருநாள் தூங்கும்போது அந்தக் கை எமல்டாவின் முகத்தின்மேல் விழுந்தது. எலுமிச்சைக்கு அடியில் மீன் இருந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, கடற்கரையில் பிறந்த பிள்ளை, மீன் தின்பதற்குத் திருடி மாதிரி பக்கத்து வீட்டுக்குப் போகிறது, தாய்க்குத் தெரியாமல் கையைக் கழுவுகிறது. எமல்டாவுக்கு வயிறெரிந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எழுப்பிக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

துணியை எடுத்தாக வேண்டும். எடுத்தாள். நீலமும் கறுப்புமாய், முதுகில் கோடுகளோடு, இறுக்கமான உடம்பு. கண் திறந்தே இருந்தது. மீனுக்குக் கண் மூடாது, இதில் பயப்பட என்ன இருக்கிறது, பிறந்ததிலிருந்து பார்க்கிற கண். வயிறு மட்டும் கீறாமல் இருந்தது. காலையில் கூடையோடு வாசலில் நின்ற பிரகாசி அக்கா சொன்னது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. “பிள்ள முழுசாத்தான் வேணுமுன்னா டீச்சர், அதான் கீறல. சூரைக்கி ரத்தம் சாஸ்தி, உப்புத் தண்ணில நல்லா அலசிக்கிடுங்க.” முழுசாய் என்றால் வயிற்றோடு. வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று எமல்டாவுக்குத் தெரியும், மோதிரம் இருக்கும். அவள் வகுப்பில் சொல்கிற கதை அது. அதிர்ஷ்டம் அளவுக்கு மீறிப் போகிறதே என்று பயந்த ஒரு கிரேக்க அரசன் தன் மோதிரத்தைக் கடலில் எறிகிறான், சில நாளில் விருந்துக்கு வந்த மீனின் வயிற்றுக்குள்ளிருந்து அது திரும்பி வந்துவிடுகிறது. பிள்ளைகள் கைதட்டும். இரண்டு வருஷமாக அந்தக் கதையை அவள் சொல்வதில்லை. கஸ்பாரின் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது, விரல் தடித்துப்போய்க் கழற்ற வராது, சோப்புப் போட்டும் வராது, கடலுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போங்க என்று அவள் சொல்லாத நாளில்லை. இது எங்கே பிடித்த மீனோ. மீன் எவ்வளவு தூரம் போகும், மோதிரம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கும், கடல் எவ்வளவு பெரிசு, இதெல்லாம் கணக்குப் போடத் தெரிந்த மூளைதான், அதே மூளைதான் இப்போது கத்தியை வயிற்றில் வைக்க விடமாட்டேன் என்கிறது. ரெனிட்டாவைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கீழ்த்துளையில் கத்தி முனையை வைத்து மேல் நோக்கி இழுத்தாள். ரத்தம் வந்தது, நிறைய, கறுத்த ரத்தம். விரலை உள்ளே விட்டுக் குடலை வழித்தாள். இரைப்பையைக் கீறினாள், அதைக் கீற வேண்டிய அவசியமே இல்லை, கீறினாள். பாதி கரைந்த நெத்திலிகள். அவ்வளவுதான். வெறும் நெத்திலி. விரலால் துழாவினாள், இன்னொரு தரம் துழாவினாள். வர வேண்டிய நிம்மதி வரவில்லை. வந்தது ஏமாற்றம். எமல்டா கைகளைத் தண்ணீருக்கடியில் பிடித்தபடி அப்படியே நின்றாள். எதை எதிர்பார்த்தேன்? இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இருந்திருந்தால் முடிந்திருக்கும். எது முடிந்திருக்கும் என்று மனசு கேட்டது, குழாயை நிறுத்தினாள்.

உப்புத் தண்ணீரில் அலசினாள், தண்ணீர் தெளிகிற மட்டும் மாற்றி மாற்றி. முழுசாய் இலைக்குள் அடங்காது, துண்டு போட்டாள். கல்லுப்பை நுணுக்கித் தூவினாள், எண்ணெயைத் தடவினாள். அது விரல்களுக்குப் பழகிய வேலை, விரல்கள் அவளைக் கேட்காமலே செய்தன, அதுவே அவளுக்குக் கோபமாய் வந்தது. இலைகளை ஒன்றின்மேல் ஒன்று பரப்பி, நடுவில் துண்டை வைத்து, இந்தப் பக்கம் மடித்து, அந்தப் பக்கம் மடித்து, தலைமாடு கால்மாடு என்று மடக்கி, வாழை நாரால் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது கை தயங்கியது. தலைமாடு கால்மாடா? மீன் துண்டுக்கு ஏது தலைமாடு? அவளுக்கு ஓர் உடலைக் குளிப்பாட்டக் கிடைக்கவில்லை, உடுத்தக் கிடைக்கவில்லை, வாயைக் கட்டக் கிடைக்கவில்லை. கடலில் போய்த் திரும்பாத மாலுமிகளுக்குக் கிரேக்கர்கள் வெற்றுக் கல்லறை கட்டினார்கள் என்று அவளேதான் பாடம் நடத்துகிறாள். உள்ளே ஒன்றும் இருக்காது, மேலே பேர் மட்டும் இருக்கும், போய் அழுவதற்கு ஓர் இடம். ஆத்துமாக்கள் திருநாளன்று தெருவே கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியுமாய்ப் போகும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் திருத்துவாள். ஒரு சிலுவையாவது நட்டுவிடலாமா என்று சாமியார் ஒரு தரம் மெதுவாய்க் கேட்டார். தொம்மை அத்தான் எழுந்து கத்திவிட்டார். “நான் பாத்தனா சாமி? அவன் முங்குனத நான் பாத்தனா? பாக்காதத எப்பிடிச் சொல்லுவேன்? வருவான்.” கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் குழம்பை ஊற்றித் தின்றிருப்பார். தின்கிறாரே, அவரால் எப்படி முடிகிறது. கூடப் பிறந்தவன், கூடக் கவிழ்ந்தவன், அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீருக்குள் போனவன். கொஞ்சமாவது நெஞ்சைக் குமட்ட வேண்டாமா. அவருக்கு எதற்குக் குமட்ட வேண்டும், அவர்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறாரே, நம்புகிறவர் தின்பார், தின்னாதவள்தானே… நார் அறுந்தது. இறுக்கி இழுத்துவிட்டாள் போலிருக்கிறது. வேறு நார் கிழித்துக் கட்டினாள், அந்த நினைப்பையும் அதோடு கட்டி ஓரமாய் வைத்தாள்.

சாம்பலுக்கு எங்கே போவது? காஸ் அடுப்பில் சாம்பல் ஏது. கனத்த தோசைக்கல்லைக் காயவைத்து, பொதிகளை அடுக்கி, மேலே மண்சட்டியைக் கவிழ்த்து, தீயைக் குறைத்தாள். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது சாமியார் சொல்வார், மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே போவாய் என்று. எல்லாரும் போகிறார்கள். கஸ்பார் எங்கே போனான். தண்ணீருக்குப் போனவனை எந்த நாளில் யார் எழுப்புவார். சேச்சே, என்ன நினைப்பு இது, சமையல் வேலையில். முன்னறையில் ரெனிட்டா சார்ட் அட்டையில் கிரேக்கக் கப்பல் வரைந்துகொண்டிருந்தாள், ஸ்கெட்ச் பேனா கீச்சுக் கீச்சென்றது. அந்தக் கப்பல்காரர்களின் பெண்டாட்டிகளும் மீன் தின்றிருப்பார்களே. அவர்கள் புருஷன்மாரும் திரும்பாமல் போயிருப்பார்களே. அவர்கள் என்ன செய்தார்கள், எத்தனை நாள் தின்னாமல் இருந்தார்கள், பிறகு எந்த நாளில், யார் ஊட்டி, எப்படித் தொடங்கினார்கள்? அந்தக் கறார்க்காரன் அதைச் சொல்லிவைக்கவில்லை. இலை வாடி, பிறகு கருகத் தொடங்கியது. பூவரசின் பச்சை வாசனை முதலில் வந்தது, அந்த இலையில் அவிக்கிற கொழுக்கட்டையின் வாசனை. அப்புறம் அதற்குள்ளிருந்து மற்றது வந்தது. நம்ம வாசமே வராது என்று சொன்னாளே. மீனுக்குக் கிரேக்கம் ஏது, தமிழ் ஏது. உப்பும் கொழுப்பும் தீயும் சேர்ந்த அந்த வாசனை அடுப்படியை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. “டீச்சர், வெந்துட்டா?” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரகாசி அக்காவின் குரல், அதில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. “இன்னும் கொஞ்சம் போகட்டும்க்கா,” என்றாள். சொல்லும்போதுதான் தெரிந்தது, வாயில் எச்சில் ஊறியிருந்தது. எமல்டாவுக்கு வெட்கமாகிவிட்டது. தனியாய் நின்று வெட்கப்பட்டாள். இரண்டு வருஷம் கட்டிக் காத்த வாய், ஒரு வாசனைக்கு இப்படி ஊறுகிறதே. பசித்தது. மாசக்கணக்காய் இல்லாத பசி. புருஷனைத் தின்றிருக்கக்கூடியதைத் தின்னக் கேட்கிற உடம்பு. என்ன பிறவி நான். முந்தானையால் வாயைத் துடைத்தாள், பயமாயிருந்தது, இதை யாராவது முகத்தில் பார்த்துவிடுவார்களோ என்று.

தரையில் பாயை விரித்து ரெனிட்டா உட்கார்ந்தாள். பொதி ஒன்றைத் தட்டில் வைத்து நாரை வெட்டியதும் ஆவி எழுந்தது. பிள்ளை ஊதி ஊதி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள், இந்த வீட்டில், தாய் பார்க்க. மெதுவாய் மென்றாள். “நல்லாருக்கும்மா,” என்றாள். “ஒண்ணுமே போடல, ஆனா நல்லாருக்கு. நீங்க?” எமல்டா ரசச் சோற்றைப் பிசைந்தபடி, “நான் என்ன கிரேக்கத்துக்காரியா, நீ தின்னு,” என்றாள். பிள்ளை சிரிக்கவில்லை. “ஏம்மா தின்ன மாட்டேங்கிய?” “ஒத்துக்கிடாதுன்னு தெரியாதா ஒனக்கு?” “பொய்.” அதட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வகுப்பில் அதட்டுகிற குரல் தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. ரெனிட்டா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “பிரகாசி பெரியம்ம வீட்டுல நான் தின்னுதது ஒங்களுக்குத் தெரியும்லா. தெரிஞ்சும் நீங்க கேக்கல. தொம்மை பெரியப்பா தின்னுதாவ, பெரியம்ம தின்னுதாவ. அப்பா வருவாவன்னு சொல்லுதவிய எல்லாரும் தின்னுதாவ. நீங்க மட்டுந்தான் வருவாவன்னு சொல்லிக்கிட்டே தின்னாம இருக்கிய.” ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். “அங்க ஒக்காந்து தின்னும்போது அப்பா வருவாவன்னு எனக்குத் தோணும்மா. அதுக்காகத்தான் போறது. இங்க வந்து ஒங்க தட்டப் பாத்தா தோணாது.” எமல்டாவின் கை சோற்றிலேயே இருந்தது. மீன் ஆசைக்கென்று நினைத்திருந்தாளே இத்தனை நாளும். நாக்குக்கென்று நினைத்திருந்தாளே. பிள்ளை தகப்பனைத் தேடிப் போயிருக்கிறது, பக்கத்து வீட்டுச் சோற்றுத் தட்டில். இனி இரண்டே வழிதான். இந்த விள்ளலை எடுத்து வாயில் போட்டுவிட்டு, பாத்தியா, அம்மையும் தின்னுட்டேன், அப்பா வருவாவ என்று சொல்லலாம். அது நடக்கும். பிள்ளை நம்பும். இன்னும் பத்து வருஷம் நம்பும். “வரமாட்டாவ, மக்கா,” என்றாள் எமல்டா. தன் குரலா அது என்றிருந்தது. “அப்பா செத்துப்போய்ட்டாவ. அன்னைக்கே செத்துப்போய்ட்டாவ. எனக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு, பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு விள்ளல் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் வரமாட்டான் என்று தெரிந்தவளும் தின்னலாம் என்பதைப் பிள்ளைக்குக் காட்ட வேறு வழி தெரியவில்லை. மென்றாள், மென்று விழுங்கினாள். உப்பு, எண்ணெய், இலையின் புகை, மீன். வேறொன்றும் இல்லை.

ரெனிட்டா அவள் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் கோணியது. வாயில் மீனோடு, இரண்டு வருஷத்துக்கு முன் நிறுத்தி வைத்த இடத்திலிருந்தே தொடங்குகிற மாதிரி, பெருங்குரலெடுத்து அழுதாள். எமல்டா எச்சில் கையோடு அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். “என்ன டீச்சர்? பிள்ளைக்கி முள்ளு கிள்ளு குத்திட்டா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிரகாசி அக்கா கத்தினாள். சாவு வீட்டில் அவர்கள் தெருவுக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரி வாய் திறந்து சொல்லாமல் தெரு அழாது. இரண்டு வருஷமாய் அந்தத் தெரு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது என்பது எமல்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. “முள்ளு இல்லக்கா,” என்று அவளும் கத்தினாள், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. “ரெனிட்டா அப்பா செத்துப்போய்ட்டாவ.” சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது. அப்புறம் பிரகாசி அக்கா மாரில் அறைந்துகொண்டு, “ஏ கஸ்பாரு” என்று தொடங்கினாள். அடுத்த வீட்டில் ஒருத்தி அதை வாங்கினாள், அதற்கடுத்த வீட்டில் இன்னொருத்தி. சாப்பாட்டை அப்படி அப்படியே போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், சோறும் மீனும் ஒட்டிய கைகளோடு தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாய் எமல்டாவின் வாசலுக்கு அழ வந்துகொண்டிருந்தார்கள்.